மரணச் செய்தியும் புகையிலைக் கணக்கும் ஒரே தாளில்: 18ஆம் நூற்றாண்டு அமெரிக்க நிலக்கிழார் கடிதங்களை வாசிப்பது எப்படி?

கேள்வி: வாஷிங்டன், ஆடம்ஸ், பின்க்னி போன்ற 18ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேட்டுக்குடிக் குடும்பங்களின் கடிதங்கள் இப்போது இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் ஒரே கடிதத்தில் குழந்தையின் காய்ச்சல், புகையிலை விலை, துணி ஆர்டர், பழைய கடன் எல்லாம் கலந்து கிடக்கின்றன. குடும்பக் கடிதம் எது, வியாபாரக் கடிதம் எது என்று பிரிப்பது எப்படி?

பிரிக்க வேண்டாம். பிரித்தால் பாதி அர்த்தம் போய்விடும்.

அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அந்த அமெரிக்கக் காலனிகளில் வங்கி கிடையாது. பிலடெல்பியாவில் வட அமெரிக்க வங்கி திறந்ததே 1782 ஜனவரியில்தான். அதுவரை வர்ஜீனியாவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவருக்கும் பணம் என்பது லண்டனில் ஏதோ ஒரு வியாபாரியின் பேரேட்டில் இருந்த வரவுதான். அந்த வியாபாரிதான் புகையிலையை விற்றுக் கொடுப்பார், அந்தப் பணத்தில் சாமான் வாங்கி அனுப்புவார், பற்றாக்குறை வந்தால் கடன் தருவார், படிக்க வரும் மகனுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்துக் கொடுப்பார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருவருக்குக் கடன் கொடுப்பவர் முதலில் அறிய விரும்புவது எது? அந்த வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார், யார் யாரைக் கட்டிக்கொண்டார், வாரிசு யார் என்பதுதான். ஆகவே நாம் குடும்பச் செய்தி என்று கடந்துபோகும் வரிகள்தான் அவருக்குக் கடன் தகவல்.

வாஷிங்டன் குடும்பத்துக்கும் லண்டனின் ராபர்ட் கேரி கம்பெனிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து இதற்கு நல்ல உதாரணம். பலரும் அதை ‘வாஷிங்டன் பட்டுத்துணி வாங்கினார், ஒயின் வாங்கினார்’ என்ற அளவில் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். வரிசையாகப் படித்தால் வேறு கதை தெரியும்.

1757 ஜூலை 8ஆம் தேதி டேனியல் பார்க் கஸ்டிஸ் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். வர்ஜீனியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். மனைவி மார்த்தாவுக்கு (பின்னாளில் வாஷிங்டனை மணந்தவர்) வயது 26. இரண்டு சிறு குழந்தைகள். ஆகஸ்ட் 20ஆம் தேதி மார்த்தா கேரி கம்பெனிக்கு எழுதுகிறார். கணவர் இறந்த துயரத்தைத் தெரிவிக்கிறார். இனிப் பண்ணையைத் தானே நிர்வகிக்கப்போவதாகச் சொல்கிறார். ஆண்டுதோறும் கணிசமான புகையிலை அனுப்புவேன், நல்ல விலை வாங்கித் தாருங்கள் என்கிறார். அதோடு போன சாமான் பட்டியலில் கணவரின் கல்லறைக்குச் சுமார் 100 பவுன் (பிரிட்டிஷ் பணம்) விலையில் உயர்ந்த பளிங்குக் கல் ஒன்றும் உண்டு. இது எந்த வகைக் கடிதம்? துக்கச் செய்தியா, கணக்கு மாற்ற அறிவிப்பா, ஆர்டரா? மூன்றும்தான். விதவை எழுதிய இந்தத் தெளிவான கடிதம் லண்டனில் ஒரு விஷயத்தை உறுதிப்படுத்தியது: கணக்கு நிற்காது, சரக்கு வரும்.

1759 ஜனவரி 6ஆம் தேதி மார்த்தா ஜார்ஜ் வாஷிங்டனை மணக்கிறார். மே 1ஆம் தேதி வாஷிங்டன் அதே கம்பெனிக்கு எழுதும் கடிதம் பாதிரியாரின் திருமணச் சான்றிதழுடன் போகிறது. இறந்த கஸ்டிஸின் சொத்து சம்பந்தமான கடிதங்களை இனித் தன் பெயருக்கே எழுத வேண்டும், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு திருமணத்தால் தனக்கு உரியது, மற்ற இரண்டு பங்கை நீதிமன்றம் தன் பொறுப்பில் விட்டிருக்கிறது என்று அதில் சொல்கிறார். கல்யாணச் செய்தி என்றால் அதில் ஒரு மகிழ்ச்சி வார்த்தையாவது இருக்கும் என்று தேடாதீர்கள். இது கையெழுத்து அதிகாரம் மாறிய அறிவிப்பு. கேரியுடனான வணிகக் கடிதங்களில் அதற்குப் பிறகு மார்த்தாவின் கையெழுத்து இல்லை. ஆங்கிலேயச் சட்டப்படி மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது; விதவை செய்யலாம். வணிகக் கடிதங்களில் ஒரு பெண்ணின் கையெழுத்து திடீரென்று வருவதும் மறைவதும் பெரும்பாலும் இதனால்தான்; திறமை கூடியதாலோ குறைந்ததாலோ அல்ல.

அடுத்து வருவது புகார்க் கடிதங்கள். 1760 செப்டம்பர் 28 தேதியிட்டதில் வாஷிங்டன் கொதிக்கிறார்: ஏற்றுமதிக்கு என்று தெரிந்தாலே லண்டன் கடைக்காரர்கள் பழசையும் மட்டமானதையும் தள்ளிவிட்டு, விலையில் 10, 15, சில சமயம் 20 சதவீதம் கூட்டிப் போடுகிறார்கள்; பாட்டன் காலத்துச் சாமான்கள் வந்து சேருகின்றன என்கிறார். ஆர்டர் முறையை அறிந்தால் இதன் காரணம் புரியும். பண்ணையார் சரக்கின் பெயர், அளவு, ‘நல்ல தரம்’, ‘இப்போதைய நாகரிகப்படி’ என்று மட்டும் எழுதுவார். வியாபாரி அதை ஒவ்வொரு கடைக்கும் பிரித்துக் கொடுப்பார். யாரும் மாதிரி பார்ப்பதில்லை. திருப்பி அனுப்பினால் இன்னோர் ஆண்டு போய்விடும். உடைகளில் இது இன்னும் மோசம். 1763 ஏப்ரலில் லண்டன் தையற்காரர் சார்லஸ் லாரன்சுக்கு வாஷிங்டன் தன்னைப் பற்றிச் சொன்ன விவரம் ஏறக்குறைய இவ்வளவுதான்: உயரம் 6 அடி, பருமன் என்பதைவிட மெலிந்த உடல், சரிகையும் பூவேலையும் வேண்டாம். இதை வைத்துக் கோட்டு தைத்தால் எப்படிப் பொருந்தும்?

1764இல் கேரி கணக்கில் வாஷிங்டன் சுமார் 1,800 பவுன் ஸ்டெர்லிங் கடன்பட்டிருந்தார். அந்த ஆகஸ்டில் எழுதிய கடிதத்தின் தொனியைக் கவனியுங்கள்: விளைச்சல் கெட்டது, பிறர் எனக்குத் தரவேண்டியது வரவில்லை, இப்படி நெருக்குவீர்கள் என்று நினைக்கவில்லை. கடனை நினைவூட்டுவதே மரியாதைக் குறைவு என்ற பாவனை அதில் உண்டு. இது தனி மனிதரின் கோபம் மட்டுமல்ல. அந்த வர்க்கத்தின் மொழியே அது. வியாபாரி கேட்பது கணக்கு. பண்ணையார் பதில் சொல்வது கௌரவத்தின் பெயரால்.

1773 ஜூன் 19. மார்த்தாவின் மகள் பேட்சி வலிப்பு வந்து இறக்கிறாள். மறுநாளே வாஷிங்டன் மைத்துனர் முறையுள்ள பர்வெல் பாசெட்டுக்கு எழுதிய கடிதம் உருக்கமானது. அந்த ஆண்டு நவம்பரில் கேரி கம்பெனிக்கு இன்னொரு கடிதம்: பேட்சியின் பங்காக இங்கிலாந்து வங்கியில் இருக்கும் பங்குகளை விற்றுத் தன் கடனைத் தீர்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு. முதல் கடிதத்தை மட்டும் படித்தவர் வாஷிங்டனைப் பாசமுள்ள வளர்ப்புத் தந்தை என்பார். இரண்டாவதை மட்டும் படித்தவர் கணக்குப் பிள்ளை என்பார். 16 ஆண்டுக் கடிதங்களையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான், ஒரு சாவில் திறந்த கணக்கு இன்னொரு சாவில் நேரானது தெரியும்.

கப்பல்தான் காலண்டர்

எல்லாமே கலந்து கிடப்பதற்கு இன்னொரு காரணம், கடிதம் எழுதும் நாளைத் தீர்மானித்தது மனநிலை அல்ல, கப்பல். மேற்கிலிருந்து கிழக்கே காற்று சாதகம்; லண்டன் போக 4 முதல் 6 வாரம். அங்கிருந்து வர 6 முதல் 8 வாரம், சில சமயம் அதற்கு மேலும். ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று மாதம். சாமான் என்றால் இலையுதிர் காலத்தில் பட்டியல் போனால் அடுத்த ஆண்டுதான் கிடைக்கும். கப்பல்தலைவர் நங்கூரம் எடுக்கப்போகிறார் என்ற செய்தி வந்ததும் பண்ணை வீட்டில் ஒரே மூச்சாக ஐந்தாறு கடிதங்கள் எழுதப்படும். 1765 செப்டம்பர் 20ஆம் தேதி வாஷிங்டன் கேரிக்குப் புகையிலை விலை பற்றிப் புகார் எழுதினார். அதே நாளில் லண்டனிலிருந்த மனைவியின் சித்தப்பா பிரான்சிஸ் டான்ட்ரிட்ஜுக்கும், கல்யாணமாகி ஆறு வருஷம் மௌனமாக இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதனால் ஒரு கடிதத்தை எடுத்தால், அதே தேதியிலும் அதற்கு முன்பின் இரண்டு மூன்று நாட்களிலும் அதே ஆள் வேறு யாருக்கெல்லாம் எழுதினார் என்று பாருங்கள். ஒன்றில் மறைத்தது இன்னொன்றில் இருக்கும்.

தாளும் காசும்

1710ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அஞ்சல் சட்டப்படி லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒற்றைத் தாள் கடிதத்துக்கு 1 ஷில்லிங், இரண்டு தாளுக்கு 2, மூன்றுக்கு 3, ஒரு அவுன்ஸ் எடைக்கு 4. கட்டணம் தாள் எண்ணிக்கைப்படி. உறை போட்டால் அதுவும் ஒரு தாள். அதனால் உறை கிடையாது. ஒரு பெரிய தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். மூன்று பக்கம் எழுதி, நான்காவது பக்கத்தை வெளியே வரும்படி மடித்து, ஓரத்தைச் செருகி, அரக்கு அல்லது மாவு வில்லையால் ஒட்டி, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதுவார்கள். அரக்கு மரியாதை, மாவு வில்லை அவசரத்துக்கும் சமமானவருக்கும். கறுப்பு அரக்கு துக்கம். பிரிக்கும்போது அரக்கோடு தாளும் கிழிந்து வந்துவிடும். அச்சுப் பதிப்புகளில் ஓரத்தில் ஒன்றிரண்டு சொற்கள் அடைப்புக்குறிக்குள் ஊகமாகப் போடப்பட்டிருப்பதற்குப் பல சமயம் காரணம் இதுதான்.

கட்டணத்தைப் பெரும்பாலும் கொடுத்தவர் பெறுபவர். ஆகவே இடம் மிச்சமிருக்க வெறும் நலம் விசாரித்து அனுப்புவது பெறுபவரின் காசை வீணாக்குவது. மூன்று பக்கத்துக்குள் துக்கம், துணி, விலை, அரசியல் எல்லாவற்றையும் அடைத்ததற்கு இதுவும் காரணம். முடிந்தவரை அரசு அஞ்சலையே தவிர்த்து, போகிற கப்பல்தலைவர், பயணம் போகும் உறவினர், பண்ணையில் அடிமையாக இருந்த ஆள் ஆகியோர் கையில் கொடுத்தனுப்பினார்கள். முகவரிக்குக் கீழே ‘இன்ன கேப்டன் வழி’ என்று எழுதியிருப்பதைத் தவறவிடாதீர்கள். கடிதம் எந்தக் கப்பலில் போனது, எந்தச் சரக்கோடு போனது என்பதற்கு அதுவே சாட்சி. ஆள் வழியில் ஆபத்தும் உண்டு. 1775 ஜூலையில் விடுதலைப் போராட்டத் தலைவர் ஜான் ஆடம்ஸ் தன் மனைவி அபிகேலுக்கும் நண்பர் ஜேம்ஸ் வாரனுக்கும் எழுதியவற்றை எடுத்துச் சென்ற இளைஞர் பெஞ்சமின் ஹிச்போர்ன் பிரிட்டிஷார் கையில் சிக்கினார். கடிதங்கள் ஆகஸ்டில் பாஸ்டன் பத்திரிகையில் அச்சாகிச் சந்தி சிரித்தன. அந்தக் காலக் கடிதங்களில் பெயருக்குப் பதில் முதலெழுத்து, புனைபெயர், ‘நேரில் சொல்வார்’ என்ற வரி எல்லாம் வருவதற்கு இப்படி ஒரு காரணமும் உண்டு.

மை பற்றிச் சுருக்கமாக. மாசிக்காய் 3 பங்கு, அன்னபேதி 2 பங்கு, வேலம்பிசின் 1 பங்கு, மழைத்தண்ணீர். நம் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் மூன்றும் கிடைக்கும். மாசிக்காயை இடித்து ஊறவைத்து வடிகட்டி மற்றவற்றைச் சேர்ப்பார்கள், பொடியாகவும் விற்றது. எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப் பட்டுக் கறுக்கும். அன்னபேதி கூடினால் மை காலப்போக்கில் பழுப்பாகிக் காகிதத்தையே அரித்துவிடும். பிசின் குறைந்தால் எழுத்து பரவும். ஒரே கடிதத்தில் மையின் நிறம் நடுவில் மாறினால், எழுதியவர் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்திருக்கலாம். அந்த இடத்தில் செய்தியும் மாறுகிறதா என்று பாருங்கள்.

நகல் ஏடு: நம்பலாம், ஆனால் அளவோடு

நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அனுப்பிய கடிதம் அல்ல, எழுதியவர் தன்னிடம் வைத்துக்கொண்ட நகல். வியாபாரக் குடும்பத்தில் நகல் ஏடு கட்டாயம். கப்பல் மூழ்கும், எதிரி பிடிப்பான்; அதனால் முக்கியமான கடிதத்தின் இரண்டாம் பிரதியை வேறொரு கப்பலில் அனுப்புவார்கள். பல கடிதங்கள் ‘மேலே உள்ளது இன்ன கேப்டன் வழி அனுப்பியதன் நகல்’ என்று சொல்லிவிட்டு, அதே தாளில் புதுச் செய்தியைத் தொடரும். இதை அறியாமல் ஒரே ஆர்டரை இரண்டு ஆர்டராக எண்ணிவிடுவது எளிது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் பிடித்த கடிதங்கள் லண்டன் அருகே கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் மூட்டை மூட்டையாக உள்ளன.

தென் கரோலினாவின் எலைசா லூகஸ் பின்க்னி 1739 முதல் 1762 வரை வைத்திருந்த நகல் ஏடு பெண்கள் எழுதியவற்றில் மிக முக்கியமானது. தந்தை ஜார்ஜ் லூகஸ் ஆன்டிகுவாவுக்குப் பணிக்குத் திரும்பியபோது, பதின்வயதிலேயே மூன்று பண்ணைகளின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. தந்தைக்கு எழுதியவற்றில் அவுரி, இஞ்சி, பருத்தி பயிரிட்ட சோதனைகள் பற்றிய அறிக்கை உண்டு. அதே ஏட்டில் தோழிக்கு எழுதிய கேலியும் உண்டு. ஆனால் கவனிக்க வேண்டியது இது: அவர் எல்லாக் கடிதங்களையும் முழுதாகப் படியெடுக்கவில்லை. பலவற்றுக்கு ‘அப்பாவுக்குப் பண்ணை விஷயமாக நீண்ட கடிதம் எழுதினேன்’ என்ற பாணியில் இரண்டு வரிக் குறிப்புதான். ஏட்டில் நீளமாக இருப்பதால் ஒன்று முக்கியம், குறுகியதால் முக்கியமில்லை என்று முடிவு கட்டக்கூடாது. வியாபார விவரம் தனித் தாளில் கணக்காகப் போயிருக்கும். அதை ஏட்டில் எழுத வேண்டிய அவசியமே இல்லை. 1758இல் கணவர் சார்லஸ் பின்க்னி மலேரியாவில் இறந்தபோது தாய்க்கும், இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன்களுக்கும், மகன்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் அதே செய்தியைத் தனித்தனியாக எழுதினார். அவற்றை அருகருகே வைத்துப் படியுங்கள். யாருக்கு எந்த விவரம், எந்த அளவு கண்ணீர் என்று அவர் எடை போட்டிருப்பது தெரியும்.

நகல் ஏட்டின் குறைகள் வேறு சில. முடிவு மரியாதை வரிகளையும் கையெழுத்தையும் விட்டுவிடுவார்கள். எழுத்தர் படியெடுத்தால் எழுத்துப்பிழை எழுத்தருடையது. பிற்காலத் திருத்தமும் உண்டு: வாஷிங்டன் 1750களில் பிரெஞ்சுக்காரரோடும் செவ்விந்தியரோடும் நடந்த போர்க்காலக் கடித ஏட்டைப் பல ஆண்டு கழித்துத் தன் கையாலேயே திருத்தி, மொழியைச் சீராக்கி, எழுத்தரை விட்டுப் புதிதாகப் படியெடுக்கவைத்தார். இளம் வாஷிங்டனின் தடுமாற்றம் வேண்டுமென்றால் பெறுநரிடம் தங்கிய மூலக் கடிதத்தைத் தேடுங்கள்; ஏட்டில் முதிர்ந்த வாஷிங்டன் இருக்கிறார். நகலே வைக்காதவர்களும் இருந்தார்கள். ஜான் ஆடம்ஸ் 1776 ஜூன் 2ஆம் தேதிதான் பெரிய ஏடு ஒன்று வாங்கியிருப்பதாக அபிகேலுக்கு எழுதுகிறார். மனைவிக்கும் ஒரு வெற்று ஏடு அனுப்புவதாகச் சொல்கிறார். ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை பெற்ற அழுத்து நகல் இயந்திரத்தை, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜெபர்சன் 1785 முதல் பயன்படுத்தினார்: தனி மையில் எழுதிய தாளின்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் எழுத்து பதியும், திருப்பிப் பிடித்துப் பின்புறமாக ஊடுருவிப் படிக்க வேண்டும். இவை மங்கும், கறைபடும், ஆனால் திருத்தம் செய்ய முடியாத உண்மை நகல்.

பெற்றவர் செய்த வேலையும் முக்கியம். கடிதத்தை மடித்து, முதுகில் ‘இன்னாரிடமிருந்து, இன்ன தேதி, வந்தது இன்ன நாள், பதில் எழுதியது இன்ன நாள்’ என்று குறித்து அடுக்கிவைப்பார். எழுதிய தேதிக்கும் வந்த தேதிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடாமல், ‘ஏன் உடனே பதில் சொல்லவில்லை’ என்று உறவில் விரிசல் கண்டுபிடிப்பவர்கள் அதிகம்.

பணமும் உண்டியலும்

புதிதாக வாசிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எல்லாக் காலனியும் பவுன், ஷில்லிங், பென்ஸ் என்றே எழுதும் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன்); ஆனால் எந்தப் பவுன்? 100 பவுன் ஸ்டெர்லிங் (பிரிட்டனின் பணம்) என்பது வர்ஜீனியாவில் சட்டப்படி 125 பவுன் உள்ளூர்ப் பணம் (சந்தை விகிதம் ஏறி இறங்கும்), மாசசூசெட்ஸில் 1750க்குப் பிறகு சுமார் 133, பென்சில்வேனியாவில் 160க்கு மேல், நியூயார்க்கில் 170களில், தென் கரோலினாவில் 700. அங்குள்ள சார்ல்ஸ்டன் நகரக் கடிதத்தில் ‘700 பவுனுக்கு விற்றேன்’ என்று இருந்தால் அது லண்டனில் 100. ஒரு ஸ்பானிய வெள்ளி டாலர் ஸ்டெர்லிங்கில் 4 ஷில்லிங் 6 பென்ஸ், வர்ஜீனியாவிலும் நியூ இங்கிலாந்திலும் 6 ஷில்லிங், பிலடெல்பியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ், நியூயார்க்கில் 8. கடிதத்தில் ஸ்டெர்லிங் என்ற சொல் இருக்கிறதா, ‘நடப்புப் பணம்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லண்டன் வியாபாரியோடு என்றால் ஸ்டெர்லிங். பக்கத்துப் பண்ணையோடு என்றால் பெரும்பாலும் உள்ளூர்ப் பணம். மகளின் சீதனம் பற்றிய கடிதத்தில் இதை மாற்றிப் படித்தால் அந்தக் குடும்பத்தின் நிலையே தலைகீழாகிவிடும்.

பணத்தை அனுப்பும் வழி உண்டியல் எனப்படும் மாற்றுச் சீட்டு. லண்டனில் வரவு வைத்திருக்கும் பண்ணையார், ‘இதைக் கண்ட 60 நாளில் இன்னாருக்கு இவ்வளவு கொடு’ என்று தன் வியாபாரிக்கு எழுதிக் கையெழுத்திட்டு உள்ளூரில் விற்பார். ஒரே உண்டியல் முதல், இரண்டாம், மூன்றாம் பிரதி என்று எழுதப்படும். ‘மற்றவை கொடுபடாதிருந்தால்’ என்ற நிபந்தனை ஒவ்வொன்றிலும் இருக்கும். தனித்தனிக் கப்பலில் போகும். முதலில் சேர்ந்ததுக்குப் பணம், மற்றவை செல்லாது. வர்ஜீனியாவில் நீதிமன்றம் கூடும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் வில்லியம்ஸ்பர்க்கில் உண்டியல் கைமாறும், ஸ்டெர்லிங் மாற்று விகிதம் படியும். வியாபாரி மறுத்துவிட்டால் உண்டியல், பணம் தர மறுத்ததைப் பதிவுசெய்யும் எதிர்ப்புச் சீட்டோடு திரும்பும். அபராதமும் வட்டியும் எழுதியவர் தலையில். அதைவிடப் பெரிய இழப்பு பெயர். அதனால்தான் பணிவான குடும்ப விசாரிப்புக்குப் பிறகு கடைசிப் பத்தியில் ‘உங்கள் மேல் ஒரு சிறு உண்டியல் எழுதியிருக்கிறேன், ஏற்றுக்கொள்வீர்கள் என நம்புகிறேன்’ என்ற வரி ஒளிந்திருக்கும். அந்த வரிக்காகவே கடிதம் எழுதப்பட்டிருக்கலாம்.

புகையிலை அனுப்பியதற்குச் சாட்சி சரக்கேற்றச் சீட்டு. அச்சிட்ட படிவம், மூன்று பிரதி, ‘கடவுள் அருளால் நல்ல நிலையில் ஏற்றப்பட்டது’ என்று தொடங்கும். ஒரு பெரும் பீப்பாய் சுமார் 1,000 பவுண்டு எடை. லண்டன் வியாபாரி பிறகு விற்பனைக் கணக்கு அனுப்புவார்: மொத்த விலை, அதிலிருந்து சுங்கம், கப்பல் வாடகை, பீப்பாய் பழுது, தரகு, சில்லறைச் செலவு, தன் கமிஷன் பெரும்பாலும் 2½ சதவீதம். மிஞ்சுவதுதான் பண்ணையாருக்கு. சுங்கத்தையும் சேர்த்த மொத்த விலைமேல் கமிஷன் கணக்கிடப்பட்டதால், கையில் வருவதோடு ஒப்பிட்டால் அது 2½ சதவீதத்தைவிட வெகு அதிகம். பண்ணையார்களின் ஓயாத எரிச்சலை வாசிக்கும்போது இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். அவர்கள் எரிச்சல் முழுவதும் நியாயம் என்று சொல்லவில்லை, ஆனால் காரணமில்லாததும் அல்ல.

தேதி, மரியாதை

1752க்கு முன் ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. 1738 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1739. கவனமுள்ளவர்கள் 1738/9 என்று இரண்டும் எழுதினார்கள், எல்லோரும் எழுதவில்லை. ஸ்காட்லாந்தில் 1600 முதலே ஜனவரி 1 புத்தாண்டு. ஆகவே கிளாஸ்கோ வியாபாரியின் கடிதமும் வர்ஜீனியா பதிலும் ஓராண்டு விலகித் தெரியலாம். நாட்காட்டி மாற்றத்தால் 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. வாஷிங்டன் பிறந்த நாள் அன்றைய பதிவில் 1731/2 பிப்ரவரி 11, இன்று பிப்ரவரி 22.

மரியாதைச் சொற்களை அப்படியே நம்ப வேண்டாம். ‘தங்கள் மிகப் பணிவான ஊழியன்’ என்பதைச் சண்டைக் கடிதத்திலும் போடுவார்கள். வாஷிங்டன் தாய்க்கு எழுதும்போது ‘மதிப்பிற்குரிய அம்மையே’ என்று தொடங்குவார். அதை வைத்துப் பாசம் இல்லை என்று எழுதியவர்கள் உண்டு, பிள்ளை பெற்றோருக்கு எழுதும் வழக்கமே அது. எது மாறுகிறது என்பதுதான் செய்தி: பத்தாண்டு ‘அன்புள்ள ஐயா’ என்று எழுதியவர் திடீரென்று வெறும் ‘ஐயா’ என்றால் ஏதோ நடந்திருக்கிறது. உறவு முறையிலும் எச்சரிக்கை: மனைவியின் சகோதரி கணவரையும் ‘சகோதரர்’ என்றே எழுதுவார்கள். ‘என் குடும்பத்தில் நோய்’ என்றால் பிள்ளைகளாக இருக்கலாம், அடிமைகளையும் சேர்த்ததாக இருக்கலாம். அடுத்த வரியைப் படித்துத் தீர்மானியுங்கள்.

அந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் கடிதங்களை நடத்திய பணம் அடிமைகளின் உழைப்பில் வந்தது; அவர்களே சரக்காகவும் கடிதத்தில் வருகிறார்கள், அதுவும் மற்றச் சாமான்களின் அதே தொனியில். 1766 ஜூலை 2ஆம் தேதி வாஷிங்டன் கப்பல்தலைவர் தாம்சனுக்கு எழுதிய ஒற்றைக் கடிதம் போதும். டாம் என்ற அடிமை மனிதரை அதோடு அனுப்புகிறார். ஓடிப்போகிறவர், ஆனால் உடல்வலிமையும் பண்ணைவேலைத் திறமையும் உள்ளவர் என்று விற்பனைக்கு ஏற்றபடி வருணிக்கிறார். கடலுக்குள் போகும்வரை கைவிலங்கு போட்டு வைக்கச் சொல்கிறார். மேற்கிந்தியத் தீவில் விற்று அந்தப் பணத்துக்கு ஒரு பெரும் பீப்பாய் வெல்லப்பாகு, ஒரு பெரும் பீப்பாய் ரம், ஒரு பீப்பாய் எலுமிச்சை, சுமார் 10 பவுண்டு புளி ஒரு பானை, தலா 5 பவுண்டு இனிப்புப் பழப்பாகு இரண்டு பானை, மிச்சத்துக்குப் பழைய மது. நடையில் எந்தப் பதற்றமும் இல்லை. எழுதியவர் எதைச் சாதாரணம் என்று நினைத்தார் என்பதற்கு அந்தப் பதற்றமின்மையைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை. டாம் தரப்பில் ஒரு வரியும் நம்மிடம் இல்லை. அந்தக் கடிதத்தைப் பெற்றவரின் கப்பலில் அவரும் போனார்.

பெண்கள் கடிதங்கள் குறைவாகக் கிடைப்பதற்கு எழுதாதது காரணமல்ல, அழிந்ததுதான். ஜார்ஜுக்கும் தனக்கும் இடையே போனவற்றை மார்த்தா எரித்துவிட்டார். ஜார்ஜ் அவருக்கு எழுதியவற்றில் 1775 ஜூன் 18, 23 தேதியிட்டவை போன்ற ஒன்றிரண்டே தப்பின. ஜூன் 18ஆம் தேதிக் கடிதத்தில் பிரிட்டனுக்கு எதிரான படையின் தலைமையை ஏற்றதற்கான வருத்தமும் ஆறுதலும் இருக்கின்றன; அதே தாளில், வழக்கறிஞர் எட்மண்ட் பெண்டில்டனைக் கொண்டு எழுதுவித்த உயில் இத்துடன் வருகிறது என்பதும் இருக்கிறது. நியூயார்க்கின் அலைடா ஸ்கைலர் லிவிங்ஸ்டன், 1727இல் இறந்தவர், கணவர் ராபர்ட்டுக்கு டச்சு மொழியில் எழுதியவை இன்னும் நேரடியானவை: ஹட்சன் ஆற்றுப் பண்ணையில் மாவு எவ்வளவு, எந்தச் சரக்கு வேண்டும், யார் கடன் பாக்கி என்பதோடு உடம்பு நலமும் பிள்ளைகளும் சேர்ந்தே வரும்.

வேலையைத் தொடங்க: அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெபர்சன், பிராங்க்ளின் உள்ளிட்டோரின் கடிதங்கள் குறிப்புகளோடு இலவசம். ஒரு வியாபாரி, ஒரு குடும்பம், ஐந்து ஆண்டு என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஆறு கட்டம் போடுங்கள்: எழுதிய தேதி, வந்த தேதி, கப்பல், மூலமா நகலா, எந்தப் பணம், இணைப்பு என்ன. இந்த ஆறாவதுதான் பலரும் விட்டுவிடுவது. ‘இத்துடன்’ என்று கடிதம் சொல்லும் பட்டியலும் கணக்கும் பதிப்பில் தனி ஆவணமாக, சில சமயம் வேறு தேதியில் இருக்கும். அதைத் தேடி எடுத்துக் கடிதத்தோடு வைத்துப் படியுங்கள். கடிதத்தில் ‘சில சில்லறைச் சாமான்’ என்று ஒரு வரியில் போனது, பட்டியலில் நான்கு பக்கம் ஓடும்.